சிங்காரிக்குத் தெரிந்த கை

12 ஜூலை 1999, திங்கள்

அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்று. நேற்றுக் காயப்போட்ட என் வெள்ளை வேட்டி இன்று காலையில் கறுப்பு வெள்ளைப் படமாகிவிட்டது. வேம்பு அதைக் கொடியில் இருந்து எடுத்து ஓர் உதறு உதறி, "எர்ணாவூர்ல குடி இருந்துகினு வெள்ள வேட்டி இன்னாத்துக்கு உனுக்கு?" என்றாள். துறைமுகத்தில் இருந்து ரிட்டயர் ஆன அன்று யூனியன்காரர்கள் கொடுத்த வேட்டி. அவளுக்கு என்ன தெரியும்.

போன மாதம் எங்கள் எருமை சிங்காரியின் கன்று செத்ததில் இருந்து கொட்டகையில் இதே பேச்சுதான். கன்று முட்டிக் குடித்தால்தான் எருமைக்குப் பால் இறங்கும். கன்று இல்லாவிட்டால் பாலை மடியிலேயே அடக்கிக்கொள்ளும். பக்கத்துக் கொட்டகை ராசையா வந்து, செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து எருமைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னான். வேம்பு விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். "பொணத்த காட்டிப் பால் கறக்கணுமா? உன் ஊட்டுல போயி செய்யி." அடுத்து, பால் இறங்க ஊசி போடலாம் என்று வாயைத் திறந்தான். அவன் கொட்டகையில் எல்லா மாட்டுக்கும் ஊசிதான். வாக்கியத்தை முடிப்பதற்குள் விளக்குமாறு பறந்தது.

இப்போது சிங்காரி வேம்பு கைக்கு மட்டும் பால் விடுகிறது. இவள் அதன் விலாவில் தலையைச் சாய்த்து உட்கார்ந்து, "ஏண்டி மேனாமினுக்கி, தவிடு துன்ன சொல்லோ மட்டும் வாய் திறக்குதா" என்று ஆரம்பிப்பாள். திட்டத் திட்டப் பால் இறங்கும். எனக்கும் இத்தனை வருஷமாக அதே திட்டுதான். எனக்கு ஒன்றும் இறங்கியதில்லை.

நான்கு எருமை இருந்த இடத்தில் மிஞ்சியது இது ஒன்று. பிறந்ததும் தாய் செத்துவிட, வேம்பு பாட்டிலில் பால் ஊற்றி வளர்த்தது. பெற்ற மகள் செங்கொடியைக்கூட அவ்வளவு பார்த்தாளா என்பது சந்தேகம்.

இன்று கறந்து முடித்து எழுந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கேட்டால் வாய்வு என்றாள். அவளுக்கு எல்லாமே வாய்வுதான்.

15 ஜூலை, வியாழன்

இன்றும் சாப்பிடவில்லை. புண்ணாக்கு வாசனை குமட்டுகிறதாம். கல்யாணம் ஆன நாளில் இருந்து குமட்டாத வாசனை.

21 ஜூலை, புதன்

ராயபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. டாக்டர் சின்னப் பெண். வேம்புவின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு முகத்தில் எதையும் காட்டவில்லை. துறைமுகத்தில் கிரேன் கயிறு பிரிவதைப் பார்த்துவிட்ட போர்மன், கீழே நிற்பவர்களிடம் கத்தாமல் 'அப்படியே மெதுவாத் தள்ளி வா' என்பார். அந்த முகம்.

வேம்புவுக்குத் தன் வயிறு பற்றிக் கவலையே இல்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மடி வத்த வுட்டுடாதய்யா" என்றாள். "கன்னும் இல்ல, பாலும் நின்னுச்சுனு வெச்சிக்கோ, ராசையா கசாப்புக்குத் தரகன இட்டாந்து நிறுத்திடுவான். நான் திரும்பி வர சொல்லோ என் எரும அங்க நிக்கணும். பாலோட நிக்கணும்."

"நான் கறக்கிறேன்" என்றேன்.

"நீயா?" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள்.

22 ஜூலை, வியாழன்

ஒரு சொட்டு இல்லை. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்காலில் வீக்கம். உதைத்துவிட்டு அது வைக்கோல் மென்ற அழகைப் பார்க்க வேண்டுமே. டீக்கடை கமாலுக்குப் பால் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

23 ஜூலை, வெள்ளி

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதித்தான் வைக்கிறேன்.

காலையில் நான் மறுபடி உதை வாங்குவதை, இடியாப்பம் விற்கப் போய்க்கொண்டிருந்த மலிகா பார்த்துவிட்டாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நைனா, வேம்பக்கா பொடவைய கட்டிக்கோ" என்றாள். "எங்க அத்தாவும் அப்டிதான். எங்கம்மா புள்ளப் பெத்து படுத்துகினு இருந்தா, அவங்க பொடவைய கட்டிகினு குந்துவாரு. மாட்டுக்கு வாசனதான் நைனா ஆளு."

கொட்டகைக் கொடியில் வேம்புவின் பச்சைப் புடவை தொங்குகிறது. கறவைக்கென்றே வைத்திருப்பது. துவைப்பதே இல்லை. வேர்வை, சாணி, பால், விளக்கெண்ணெய் என்று அவளுடைய வாசனை முழுவதும் அதில் இருக்கும். படலைச் சாத்திவிட்டு, லுங்கிக்கு மேலேயே சுற்றிக்கொண்டேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். பீடி வாசனை போக வேப்பங்குச்சியால் இரண்டு தரம் பல் துலக்கினேன். யூனியனில் சிவப்புக் கொடி பிடித்து ஊர்வலம் போன ஆள், இந்தக் கோலத்தில் எருமைக்குக் கீழே.

சிங்காரி முகர்ந்தது. காது ஆடியது. திட்ட வேண்டுமே. "ஏ… ஏண்டி மேனாமினுக்கி" என்றேன். தொண்டை கட்டிய சேவல் மாதிரி வந்தது குரல். அது திரும்பிப் பார்த்தது. யோசித்தது.

பால் விட்டது. முழுதாக இல்லை, பாதிதான். ஆனால் விட்டது.

30 ஜூலை, வெள்ளி

தினமும் புடவைதான். ராசையாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "இன்னா அக்கா, பால் ஆச்சா?" என்கிறான். ஆச்சுடா என்று வாளியைக் காட்டினேன்.

வேம்புவிடம் மட்டும் சொல்லவில்லை. "ஒரு அதட்டு போட்டேன், குடுத்துச்சு" என்று அளந்தேன். அவள் நம்பவில்லை. சிங்காரி அப்படி யாருக்கும் தர மாட்டாள் என்று முணுமுணுத்தாள். முகத்தில் கொஞ்சம் வருத்தம்கூட. உண்மையைச் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். ஆண்பிள்ளைத் திமிர், வேறென்ன.

6 ஆகஸ்ட், வெள்ளி

திறந்து பார்த்தார்கள். மூடிவிட்டார்கள்.

கட்டி எல்லா இடத்துக்கும் போய்விட்டதாம். செங்கொடியிடம் சொன்னார்கள், அவள் என்னிடம் சொன்னாள். வேம்புவிடம் யாரும் சொல்லவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி வைத்திருக்கிறோம். மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தவிடு வாங்கினியா?"

வாங்கினேன்னு சொன்னேன்.

8 ஆகஸ்ட், ஞாயிறு

ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டு இன்று காலை வந்தேன். எம்.கே.பி. நகரில் இருந்து செங்கொடி வந்து தங்கியிருக்கிறாள். வீடு பளபளவென்று இருந்தது. பாத்திரம், பாய், போர்வை, எல்லாம் கழுவித் துவைத்திருக்கிறாள். "அம்மா வர சொல்லோ கலீஜா இருக்கக் கூடாது நைனா. கொட்டகைல ஒரு பொடவ தொங்கிச்சு பாரு, நாத்தம்னா நாத்தம். ரெண்டு தரம் ஊற வெச்சேன்."

கொடியில் பச்சைப் புடவை. சோப்பு வாசனை. பாவம், அழுதுகொண்டே துவைத்திருப்பாள், கண் வீங்கியிருந்தது.

சிங்காரி ஒரு தரம் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் இல்லாத நேரத்திலும் யாருக்கும் பால் விடவில்லை. ஆஸ்பத்திரியில் வேம்பு கட்டிய புடவையை வாங்கி வந்து பார்த்தேன். அதில் மருந்து வாசனைதான். மிரண்டு கயிற்றை இழுத்தது.

9 ஆகஸ்ட், திங்கள்

மடி கல்லாகிவிட்டது. தொட்டால் சூடு. இப்படியே விட்டால் மடிநோய் வரும், பிறகு பால் என்பதே கிடையாது. வேம்பு சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ராசையா கொட்டகைக்கு நானே போனேன். அவன் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அசிங்கமாக இருந்தது. சின்னக் குப்பியும் ஊசியும் எடுத்து வந்து, கழுத்தில் எங்கே குத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தான். "அக்காவுக்கு எதுக்கு சொல்லணும் மாமு? நான் சொல்ல மாட்டேன்."

குத்தியதும் உடம்பு ஒரு முறை சிலிர்த்தது. பிறகு பால் கொட்டியது. அது விடவில்லை, அதனிடம் இருந்து பிடுங்கியது போல் கொட்டியது. சிங்காரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

ஒரு தடவைதான். மடி இளகட்டும், நிறுத்திவிடுவேன்.

10 ஆகஸ்ட், செவ்வாய்

இன்றும் ஊசி.

14 ஆகஸ்ட், சனி

இன்றும்.

19 ஆகஸ்ட், வியாழன்

வேம்பு கேட்டாள் என்று பிளாஸ்கில் பால் கொண்டுபோனேன். ஊசிப் பாலை ஒரு வாயில் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். இரண்டு மடக்கு குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "நம்ம சிங்காரி பாலுதான்யா. எம்மாம் ருசி. நீயும் கறக்கக் கத்துகினே."

கண்டுபிடித்துத் திட்டியிருக்கலாம்.

28 ஆகஸ்ட், சனி

அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆட்டோவில் எர்ணாவூர் வரும்வரை கன்டெய்னர் லாரிகளைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள், வாய் மட்டும் முழுசாக இருக்கிறது. நாளைக்குக் காலையில் தானே கறப்பாளாம்.

நாளைக்கு வேம்பு கை பட்டால் எல்லாம் சரியாகிவிடும். சொந்தக்காரி வந்துவிட்டாள், இனி ஊசி எதற்கு?

29 ஆகஸ்ட், ஞாயிறு

சிங்காரி அவளைப் பார்த்ததும் கத்திய கத்தலில் மலிகா வீட்டில் இருந்து ஓடி வந்துவிட்டாள். வேம்புவின் கையை முழங்கை வரை நக்கியது. வேம்பு அழுதாள், சிரித்தாள். பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து உட்கார்ந்து, விலாவில் தலையைச் சாய்த்தாள். "ஏண்டி மேனாமினுக்கி, ஆம்பள கைல சொகுசா இருந்துகினியா?"

நான் வாளியோடு நின்றேன்.

திட்டினாள். தடவிக் கொடுத்தாள். மடியில் வெந்நீர் ஊற்றினாள். கன்று முட்டுவது போல் நெற்றியால் முட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. சிங்காரிக்கு அவளைத் தெரிகிறது, ஆசையும் இருக்கிறது. உடம்புக்குத்தான் மறந்துவிட்டது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. பிறகு மெல்லக் கழுத்தை வளைத்து என் பக்கம் நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

ஊசிக்காக.

வேம்பு என்னைப் பார்த்தாள். எழுந்து அதன் கழுத்தைத் தடவினாள். குத்திய இடமெல்லாம் பட்டாணி மாதிரித் தடித்திருக்கிறது. அவள் விரல் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போயிற்று.

"ஊசி போட்டியாய்யா?"

விளக்குமாறு அங்கேதான் இருந்தது, எட்டும் தூரத்தில். எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். எடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"போடு. மடி கட்டிக்கப் போவுது. போட்டுட்டுக் கற." அவ்வளவுதான் சொன்னாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போட்டேன். பால் வந்தது.

31 ஆகஸ்ட், செவ்வாய்

செங்கொடியோடு பேசுகிறாள். மலிகாவோடு பேசுகிறாள். நான் கஞ்சி கொண்டுபோனால் வாங்கிக் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். திட்டு வாங்காமல் ஒரு வீட்டில் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

2 செப்டம்பர், வியாழன்

குப்பி, ஊசி எல்லாவற்றையும் ராசையாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறகு வேம்புவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்து, அவள் முதுகிடம் பேசினேன். உதை வாங்கியது, மலிகா சொன்ன யோசனை, புடவை, முந்தானை, சேவல் குரல், செங்கொடி துவைத்தது, மடி கல்லானது, எல்லாம்.

பிறகு, சுவரைப் பார்த்தபடியே, "இன்னா பொடவ?" என்றாள்.

"பச்ச."

முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியில் கண்ணீரோடு சிரிக்கிறாள். "அய்யே… கெயவா… நீ பொடவ கட்டிகினு…" இரும ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன்.

அடங்கியதும் சொன்னாள்: "தொறந்துட்டு மூடிட்டாங்கன்னு எனுக்குத் தெரியும். பக்கத்து கட்டில்காரி அன்னிக்கே சொல்லிட்டா. உங்க மூஞ்சியப் பாத்தா நீங்க சொல்லாம கீறீங்கன்னு தெரிஞ்சிச்சு, சரி, வுட்டுட்டேன்." என் தலையில் குட்டினாள். குட்டில் பலமே இல்லை. "நான் போறதுக்குள்ள அவள உன் கைக்கு பயக்கிடணும். ஊசி இல்லாம. ஊசி போட்டு கறக்கறதுனா தரகன் கைல இப்பவே குடுத்துடு."

3 செப்டம்பர், வெள்ளி

பச்சைப் புடவையை இனிமேல் அவள்தான் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள், அதில் அவள் வாசனை மறுபடி ஏற வேண்டும் என்று. கறவை நேரத்துக்கு எனக்குக் கழற்றித் தருவாள். கறந்து முடித்ததும் நான் திருப்பித் தருவேன். இந்த வயதில் ஒரே புடவைக்கு இரண்டு பேர்.

பால் வரவில்லை. பீய்ச்சிப் பீய்ச்சி மடியை இளக்க மட்டும் செய்தேன்.

9 செப்டம்பர், வியாழன்

கயிற்றுக் கட்டிலைக் கொட்டகைக்கே இழுத்து வந்துவிட்டோம். படுத்தபடியே அதிகாரம். "கொசுவத்த இடுப்புல சொருவு, தடுக்கி வுயப் போற." "கட்டவெரல மடக்காத." "வாய மூடிகினு குந்தாத, திட்டு!" நான் திட்டுவது சரியில்லை என்று அவளே திட்டினாள். சிங்காரியையா என்னையா என்று தெரியவில்லை. அந்தக் குரலுக்குச் சிங்காரியின் காது நிமிர்ந்தது.

என் கையில் காம்பு திடீரென்று நிறைந்தது. வாளியில் சத்தம் கேட்டதும் வேம்பு பேச்சை நிறுத்திவிட்டாள். ஊசி இல்லாத பால்!

காம்பை விடாமல் அழுதேன். கையை எடுத்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

20 செப்டம்பர், திங்கள்

வேம்பு குரல் இப்போது கட்டிலைத் தாண்டி வரவில்லை. அவள் உதட்டைப் பார்த்து நான் திட்டுகிறேன்.

3 அக்டோபர், ஞாயிறு

குரல் இல்லாமலே, புடவைக்கு மட்டும் பால் விட்டது. வேம்புவிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். வலி அதிகம். யாருக்கும் இந்த வலி வேண்டாம்.

12 அக்டோபர், செவ்வாய்

வேம்பு போய்விட்டாள். காலைக் கறவை முடித்து, வாளியைக் காட்டலாம் என்று கட்டிலுக்குப் போனேன்.

14 அக்டோபர், வியாழன்

நேற்று வியாசர்பாடியில் இருந்து பௌத்த சங்கத்துக்காரர்கள் வந்து புத்தர் படத்துக்கு முன்னால் பஞ்சசீலம் சொன்னார்கள். அந்த வழக்கப்படி வெள்ளைப் புடவையில் அவளைக் கொண்டுபோனோம். சாம்பல் படியாத வெள்ளை. அவள் சிரித்திருப்பாள்.

திரும்பி வந்தால், அவளுடைய அத்தை மகள் ஒருத்தி பாய், தலையணை, பச்சைப் புடவை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். செத்தவர் கட்டியதை வீட்டில் வைக்கக் கூடாதாம். புடவையைப் பிடுங்கினேன். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லோரும் பார்த்தார்கள். செங்கொடிகூட "நைனா, வுட்டுடு நைனா" என்று அழுதாள்.

சாயந்தரம் கறக்க வேண்டும் என்றேன். ஒருவருக்கும் புரியவில்லை. மலிகா மட்டும் வந்து அந்தப் பெண் கையில் இருந்து முனையை விடுவித்துக் கொடுத்தாள்.

29 அக்டோபர், வெள்ளி

செங்கொடி கூப்பிடுகிறாள். எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. எருமைக்குப் படியேறத் தெரியாது என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். நல்ல பெண். எனக்குத்தான் வேறு வழி இல்லை.

பச்சைப் புடவையை ஒரு சாக்குப் பைக்குள் கட்டி வைக்கிறேன், வாசனை போகாமல். கறவைக்கு மட்டும் வெளியே எடுக்கிறேன்.

16 நவம்பர், செவ்வாய்

மழை. கால்வாய்த் தண்ணீர் கொட்டகை வரை வந்துவிட்டது. இந்த வீடு வேம்பு இல்லாமல் வீடாகவே இல்லை. இதை எழுதினால் கொஞ்சம் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

5 டிசம்பர், ஞாயிறு

ராத்திரி முழுவதும் இருமல், காய்ச்சல். விடியலில் சிங்காரி கத்துவது கேட்டு, பாதித் தூக்கத்தில் எழுந்து போய் உட்கார்ந்துவிட்டேன். திட்டவும் இல்லை. வாளி பாதி நிறைந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். லுங்கி. மேலே பழைய பனியன். வாயில் பற்றவைக்காத பீடி.

புடவை சாக்குப் பைக்குள் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. பால் வந்ததற்குக் கோபப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். "அதுக்குள்ள மறந்துட்டியா? உன்ன பாட்டில்ல ஊத்தி வளத்தாடி அவ!" என்று கத்தினேன். கையை ஓங்கிவிட்டேன். அது திரும்பி என் முழங்கையை நக்கியது. பால் நிற்கவில்லை.

இதைத்தான் வேம்பு கேட்டாள். அவள் கேட்டபடி நடந்துவிட்டது. பிறகு ஏன் இப்படி இருக்கிறது எனக்கு?

கமால் கடைக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து பையைப் பிரித்தேன். புடவையை முகத்தில் வைத்துப் பார்த்தேன். சாணி, பீடி, என் வேர்வை. அவள் இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்றும் தெரியவில்லை. இத்தனை நாளும் சிங்காரி என்னைத்தான் முகர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். காற்று சாம்பலோடு திரும்புகிறது. சாயந்தரத்துக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும்.